க் 13, ஒ 10, கொ 23: ஓர் எழுத்து விளையாட்டின் வேலைக்குறிப்பு

ஆண்ட்ராய்டு போனுக்கு ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு செய்திருக்கிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு மாடி அறையில்தான் வேலை முழுவதும். கம்பெனி கிடையாது, கூட்டாளி கிடையாது. படம், நிரல், ஒலி, கடைசியில் கூகுள் பிளே கடையில் ஏற்றுவது வரை ஒரே ஆள். தனியாக இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கும், தமிழ் எழுத்தை வைத்து ஆப் செய்கிறவர்களுக்கும் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

விளையாட்டு இதுதான். திரையின் மேல் பாதியில் சில மெய்யெழுத்துக் காய்கள். கீழே சில உயிரெழுத்துக் காய்கள். ஓர் உயிரை இழுத்து மெய்யின் மேல் போட்டால் உயிர்மெய் ஆகிவிடும். எதுவும் போடாமல் விட்டால் மெய் புள்ளியோடு அப்படியே நிற்கும். இப்படிச் செய்த எழுத்துகளை நடுவில் உள்ள வரிசையில் அடுக்கினால் சொல்.

ஏன் இப்படி என்றால், ஆங்கிலச் சொல் விளையாட்டுகளில் 26 எழுத்துதான். எதை அள்ளிப் போட்டாலும் நாலைந்து சொல் கிடைத்துவிடும். நம்மிடம் 247. அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்துக் காய் எடுத்துப் போட்டால் ஒரு சொல்கூடத் தேறாமல் போகலாம். ஆனால் அந்த 247-ஐ உண்டாக்குவது 12 உயிரும் 18 மெய்யும்தானே? அந்த முப்பதையும் காயாக வைத்து, சேர்க்கிற வேலையை விளையாடுகிறவர் கையிலேயே கொடுத்தால் என்ன என்று தோன்றியது. பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுக்கும் அக்காவிடம் காகிதத்தில் வெட்டிக் கொடுத்துப் பார்த்தேன். அங்கே படிக்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விதி சொல்லாமலேயே விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். க்-கும் அ-வும் சேர்ந்தால் க என்பது அவர்களுக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே தெரிந்த விஷயம். அதன்பிறகு வேறு வடிவத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

காகிதத்தில் சுலபம். கணினிக்குள் போனால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 'வேலூர்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று எந்த நிரல்மொழியையும் சும்மா கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் 6 என்று சொல்லும். வ, ஏகாரக் கொம்பு, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஆறு குறியீடு. நமக்கு அது வே, லூ, ர் என மூன்று எழுத்து. 'குடியாத்தம்' ஆறெழுத்துச் சொல், கணினிக்குப் பதினொன்று. இதைக் கவனிக்காமல் கட்டம் போட்டால் புள்ளிக்குத் தனிக் கட்டம், கொம்புக்குத் தனிக் கட்டம் வந்து நிற்கும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரம் யூனிகோடு. அதில் இந்திய எழுத்துகளுக்கான இடங்கள், 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டுத் தரத்தை ஒட்டி அமைந்தவை. எல்லா மொழிக்கும் ஒரே வார்ப்பு, அந்த மொழியில் இல்லாத எழுத்தின் இடம் காலியாக இருக்கும். அதனால் தமிழில் ஓர் ஒழுங்கு கிடைக்கிறது. ஆ-வின் குறியீட்டு எண் 2950. அதன் துணைக்கால் 3006. இடைவெளி 56. இ-க்கும் அதன் விசிறிக்கும் 56. ஔ வரை எல்லாவற்றுக்கும் 56-தான். ஆக, மெய்யிலிருந்து புள்ளியை எடுத்துவிட்டு, உயிரின் எண்ணோடு 56 கூட்டிக் கிடைக்கும் குறியை ஒட்டினால் உயிர்மெய் வந்துவிடும். அ மட்டும் சேராது. 2949-ஓடு 56 கூட்டினால் 3005, அந்த இடத்தில் தமிழில் எழுத்தே இல்லை, திரையில் வெற்றுப் பெட்டிதான் வரும். அதனால் அ வந்தால் புள்ளியை எடுப்பதோடு நிறுத்த வேண்டும்.

இது வேலை செய்கிறது. ஆனால் விளையாட்டு முழுவதையும் இதன்மேல் கட்டக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் 'இது அ-வா, இது புள்ளியா, இது தனி உயிரா' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிவரும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து டேஸ் 16 என்ற குறியீட்டு முறையையும் தரமாக ஏற்றது. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே எண். வெளியே புழக்கத்தில் இருப்பது யூனிகோடு என்பதால் அதை விட முடியாது. ஆனால் விளையாட்டுக்கு உள்ளே எண் கொடுப்பது என் விருப்பம்தானே? சரி, நானே ஒரு அட்டவணை போட்டேன்.

மெய்களுக்கு 1 முதல் 18 வரை எண்: க் 1, ங் 2, இப்படியே ன் 18. உயிர்களுக்கு 1 முதல் 12: அ 1, ஔ 12. எழுத்தின் எண் = மெய் எண் × 13 + உயிர் எண். உயிர் இல்லை என்றால் 0 கூட்டுகிறோம், அது புள்ளி வைத்த மெய். மெய் இல்லை என்றால் 0 × 13, அது தனி உயிர். இரண்டும் இல்லாத 0 சும்மா இருக்கிறது, அதில் ஆய்த எழுத்தை உட்காரவைத்தேன். இப்போது மொத்தம் 19 வரிசை, ஒவ்வொன்றிலும் 13 இடம். 19 × 13 = 247. ஓர் இடம் மிச்சமில்லை, ஓர் எழுத்து வெளியே நிற்கவில்லை. தாளில் இந்தப் பெருக்கலைப் போட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உயிர் பன்னிரண்டோடு ஆய்தம் சேர்ந்தால் 13, மெய்யும் அதன் உயிர்மெய்களும் சேர்ந்தாலும் 13. நம் எழுத்து முறையே இப்படிப் பதிமூன்று பதிமூன்றாக அமைந்திருக்கிறது.

இதனால் என்ன லாபம்? காய் சேர்ப்பது வெறும் கூட்டல் ஆகிவிட்டது. க் என்பது 13, ஒ என்பது 10, கூட்டினால் 23, அதுதான் கொ. அ-வுக்கு விதிவிலக்கு கிடையாது: 13 + 1 = 14, க. பிரிப்பதும் அப்படித்தான். 23-ஐ 13-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 10. ஈவு மெய்யைச் சொல்லும், மீதி உயிரைச் சொல்லும். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்கு என்னென்ன காய் வேண்டும் என்று நிரலே சொல்லிவிடும்.

'வேலூர்' இப்போது 190, 175, 156. வகுத்துப் பார்த்தால் வ்-ஏ, ல்-ஊ, ர். ஆக மூன்று மெய், இரண்டு உயிர்: வ், ல், ர், ஏ, ஊ. இந்த ஐந்து காயை மட்டும் திரையில் வைத்துப் பாருங்கள். ஊர் வரும். ஏர் வரும். வேர், வேல் வரும். எல்லாக் காயும் தீர்ந்தால் வேலூர். விளையாட்டின் முதல் கட்டத்துக்கு (லெவல்) இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவதாக ஆற்காடு: ற், க், ட், ஆ, ஆ, உ. அதில் ஆறு, ஆடு, காடு. கட்டங்கள் எல்லாமே இப்படித்தான். பெரிய சொல் ஒன்றை முதலில் எடுத்து, அதைக் காயாக உடைத்து, அந்தக் காய்களுக்குள் வேறு என்னென்ன சொல் ஒளிந்திருக்கிறது என்று நிரலைத் தேடவிடுகிறேன். நாலுக்குக் குறைவாகக் கிடைத்தால் அந்தச் சொல்லை ஒதுக்கிவிடும்.

247 எண்ணும் ஒரே பைட்டுக்குள் (கணினிச் சேமிப்பின் சிறிய அலகு) அடங்குவது இன்னொரு வசதி. யூனிகோடில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், வேலூருக்கு 18. என் முறையில் 3. விலை குறைந்த போனில் ஆப் திறக்கும் வேகத்தில் இது தெரியும்.

சொற்பட்டியலுக்கு இணைய அகராதியான தமிழ் விக்சனரியை அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். அதன் உரிமம், பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிரச் சொல்கிறது. அதனால் திருத்திய பட்டியலையும் பொதுவில் வைக்கிறேன். பட்டியலைச் சுத்தம் செய்வதுதான் இந்த வேலையிலேயே நீளமானது. இணையத்தில் தட்டெழுதிய தமிழில் ஒரே எழுத்து இரண்டு விதமாக இருக்கும். கொ-வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. யூனிகோடு இயல்பாக்கம் செய்தால் இவை ஒன்றாகிவிடும், அந்த வேலையைச் செய்யும் வசதி பைத்தான் நிரல்மொழியிலேயே இருக்கிறது.

ஔகாரம் அப்படி அல்ல. பலர் ஔ-வை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிக்கிறார்கள். 'ஔவை' அப்படித்தான் பட்டியலில் வந்திருந்தது. கௌதாரியும் கெ, ள என்று உடைந்து கிடந்தது. ஒட்டுமொத்தமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். கூடாது. 'ஒளி' என்று ஒரு சொல் இருக்கிறது, 'கெளுத்தி' என்று ஒரு மீன் இருக்கிறது. மாற்றினால் இரண்டும் செத்துப்போகும். சந்தேகமானவற்றை மட்டும் பிரித்துக் கொடுக்க ஒரு சின்ன நிரல் எழுதி, மீதியைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தினேன். இதற்குக் குறுக்கு வழி தேடாதீர்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை இது.

திரையில் எழுத்தைக் காட்டுவது அடுத்த பிரச்சினை. நான் முன்பு பழகியிருந்த விளையாட்டு எஞ்சினில் (விளையாட்டை உருவாக்கி ஓட்டும் மென்பொருள்) கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கெ-வைக் காட்டச் சொன்னால் க-வும் அதற்கு வலப்பக்கம் கொம்பும். இதைச் சமாளிக்கச் சிலர் தரவிலேயே கொம்பை முன்னால் எழுதி வைக்கிறார்கள். பார்க்கச் சரியாக இருக்கும், தேடினால் எதுவும் கிடைக்காது. நான் கோடோ எஞ்சினுக்கு மாறினேன். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4-இல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகத்தைச் சேர்த்திருக்கிறார்கள். கொம்பு தானாக முன்னால் வருகிறது, கொ இரண்டு பக்கமும் சரியாகப் பிரிகிறது. திறமூலம், உரிமக் கட்டணம் இல்லை. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், அதுவும் இலவச உரிமம்.

காய்க்குள் எழுத்தைப் பொருத்துவதில் மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. மூ, ரூ, ழூ இவற்றின் சுழி கட்டத்தின் கீழ் விளிம்பை இடிக்கும். டீ, வீ மேலே இடிக்கும். ணோ, கௌ அகலத்தில் பிதுங்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்கினால் பக்கத்துப் பக்கத்துக் காயில் எழுத்து சின்னதும் பெரியதுமாக வந்து அசிங்கமாக இருக்கிறது. பட்டியலில் உண்மையில் வருகிற எழுத்துகளில் எது மிக அகலம், எது மிக உயரம் என்று நிரலை அளக்கவிட்டு, அதற்கேற்ற ஒரே அளவை எல்லாவற்றுக்கும் வைத்தேன். ஞௌ, ஙோ மாதிரி எந்தச் சொல்லிலும் வராத எழுத்துகளை அளவிலிருந்து விட்டுவிட்டதால் மற்றவை நன்றாகப் பெரிதாகத் தெரிகின்றன.

வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். போன் சும்மா சட்டைப்பையில் இருந்தாலே சுடும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சான் சாப்பாட்டு நேரத்தில் விளையாடிப் பார்த்துவிட்டு, "போன் அடுப்பு மாதிரி கொதிக்குது மச்சான், திரையே மங்கிப்போச்சு" என்றார். விளையாட்டு எஞ்சின்கள் பெரும்பாலும், திரையில் ஒன்றுமே நகராவிட்டாலும், நொடிக்குப் பல தடவை திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருக்கும். துப்பாக்கி சுடுகிற விளையாட்டுக்கு அது வேண்டும். எழுத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விளையாட்டுக்கு எதற்கு? கோடோவில் ஏதாவது மாறினால் மட்டும் வரையும் குறைந்த செயல்பாட்டு முறை ஒன்று இருக்கிறது. புராஜெக்ட் செட்டிங்ஸில் ஒரு டிக். ஆனால் டிக் போட்டதோடு முடியவில்லை, சூடு குறையவே இல்லை. தலைப்பின் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் மெதுவாக மினுங்கிக்கொண்டிருந்தது. அது மாறுவதால் எஞ்சின் ஓயாமல் வரைந்துகொண்டே இருந்திருக்கிறது. நட்சத்திரத்தைச் சொல் கிடைக்கும்போது மட்டும் மினுங்கவைத்தேன். போன் ஆறிவிட்டது. பேட்டரியும் நிற்கிறது. நம் ஊர் வெயிலில் விளையாடப்போகிற எதையும் மே மாத மதியத்தில் ஏசி இல்லாத அறையில் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இனி சோதனையாளர்கள். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு கூகுள் பிளேயில் தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள் நேராக ஆப்பை வெளியிட முடியாது. குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நாம் அழைத்தவர்கள் மட்டும் ஆப்பைப் போட்டுப் பார்ப்பது) இருக்க வேண்டும். முன்பு 20 பேர் என்று இருந்தது, பிறகு குறைத்தார்கள். பணம் கொடுத்தால் ஆள் சேர்த்துத் தருகிறோம் என்று சிலர் வருவார்கள். வேண்டாம். இந்த விதியை ஒரு தொல்லையாக நினைக்காமல் சொந்தக்காரர்களையும் தெருக்காரர்களையும் கூப்பிட்டதுதான் இந்த விளையாட்டுக்கு நடந்த நல்ல காரியம். பெரியவர்கள் பலருக்குத் தங்கள் ஜிமெயில் கடவுச்சொல் தெரியாது, போன் வாங்கிய கடையில் போட்டுக் கொடுத்ததோடு சரி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து, இணைப்பை அழுத்தவைத்து, சோதனையில் சேர்த்துவிட்டு வந்தேன். போன இடத்தில் அவர்கள் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைத்தது.

குடியாத்தம் அத்தை இழுக்கும்போது காய் பாதி வழியில் நழுவியது. தறி வேலை பார்த்துக் காய்ச்சுப்போன விரல், திரை அதைச் சரியாக உணரவில்லை. இழுக்காமல், மெய்யை ஒரு தட்டு, உயிரை ஒரு தட்டு தட்டினாலும் சேரும்படி மாற்றினேன். இப்போது இளைஞர்களும் அப்படித்தான் விளையாடுகிறார்கள். இழுக்கிறவர்களுக்கு விரலுக்கு அடியில் எழுத்து மறையாமல் காய் கொஞ்சம் மேலே தள்ளித் தெரியும்.

அதே அத்தைதான் அடுத்த கேள்வியையும் போட்டார். "இன்னாப்பா இது, மல்லாட்டைன்னு சேர்த்தா சிவப்பு காட்டுது? எங்க ஊர்ல அதான் பேரு. வேர்க்கடலைன்னு யார் சொல்றா?" நியாயம்தானே? வட ஆற்காடு முழுக்க மல்லாட்டைதான். விளையாட்டு அதைத் தப்பு என்று சொல்ல அதற்கு என்ன உரிமை? வட்டாரச் சொற்களுக்குத் தனிப் பட்டியல் திறந்து மல்லாட்டை, கேவுரு (கேழ்வரகு) என்று எழுத ஆரம்பித்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் முதல் கட்டத்திலேயே 'ஏல்' என்று போட்டு, ஏற்கவில்லை என்றதும் எனக்கு போன் செய்தார். "தம்பி, ஏற்பதுக்கு வேர் என்ன? ஏல்தானே?" அன்றிலிருந்து வினையடிகள் எல்லாம் செல்லும். நட, ஓடு, வா, ஏல், கேள். வந்தான், வருகிறாள் போன்ற வடிவங்கள் செல்லாது. அவற்றைத் திறந்தால் பட்டியலுக்கு முடிவே கிடையாது.

ஊர்ப்பெயர் வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். அதற்காக ஒரு தனித் தொகுப்பு. வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டானது, 2019-இல் வேலூரே மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு இப்போது ராணிப்பேட்டையில், ஆம்பூர் திருப்பத்தூரில், ஆரணியும் போளூரும் செய்யாறும் திருவண்ணாமலையில். நான் பழைய மாவட்டத்தையே எல்லையாக வைத்துக்கொண்டேன். பெண் கொடுத்து, பெண் எடுத்து, சந்தைக்குப் போய் வந்து பழகிய வட்டம் அதுதான். எனக்கு அது இன்னமும் ஒரே ஊர்ப்பக்கம்.

அங்கேதான் வாலாஜா வந்தது. அட்டவணையில் ஜ் இல்லை. 18 மெய்யோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் ஊர்ப்பெயர் அந்த ஊர்க்காரர்களுடையது, எப்படி எழுத வேண்டும் என்று அவர்களுக்கு நான் சொல்லக் கூடாது. ஜ், ஷ், ஸ், ஹ் நான்குக்கும் 19 முதல் 22 வரை வரிசை கொடுத்தேன். கூட்டலும் வகுத்தலும் அப்படியே வேலை செய்தன, ஒரு வரி நிரல்கூட மாறவில்லை. மாறியது சேமிப்பு மட்டும். ஒரு பைட்டில் 255 வரைதான் கொள்ளும், அது ஜே வரை. ஜை முதல் இடமில்லை. எழுத்துக்கு இரண்டு பைட்டாக்கினேன். அப்போதும் யூனிகோடைவிடக் குறைவுதான். ஜ, ஷ காய்கள் ஊர்த் தொகுப்பிலும் புழங்கு சொல் தொகுப்பிலும் மட்டும் வரும். பிள்ளைகளுக்கான தொகுப்பில் 247 மட்டுமே.

காசு விஷயம் சுருக்கமாக. கூகுள் கணக்குக்கு ஒரே முறை 25 டாலர். விற்பனையில் ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வரை அவர்கள் பங்கு 15 சதவீதம், 2021-இல் இருந்து அப்படி. விளம்பரம் வைக்கவில்லை. பிள்ளைகள் விளையாடுவது, நடுவில் யாரோ கடன் ஆப் விளம்பரம் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது. முதல் தொகுப்பும் பிள்ளைகள் தொகுப்பும் இலவசம், மற்றவை ஒரே முறை 49 ரூபாய். இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: தனிநபர் கணக்கில் காசு வாங்கினால் உங்கள் முழு முகவரி கடைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு முகவரிதான் என்றால் வீட்டில் இருப்பவர்களோடு முதலில் பேசுங்கள். நாங்கள் பேசி, எல்லோரும் சரி என்ற பிறகுதான் விலை போட்டேன். ஐபோனுக்கு மேக் கணினி ஒன்றும் ஆண்டுக்கு 99 டாலரும் வேண்டும். இப்போதைக்கு அது இல்லை.

அடுத்த பதிப்பில் விளையாடுகிறவர் ஏற்கப்படாத சொல்லை நீளமாக அழுத்தினால் அது எனக்கு வந்து சேரும்படி செய்துகொண்டிருக்கிறேன். வருகிற சொற்களை நானே முடிவு செய்யப்போவதில்லை. ஊர்ச்சொல் என்றால் அந்தப் பக்கத்து ஆள் இரண்டு பேர் 'ஆமாம்' சொல்ல வேண்டும், இலக்கணச் சந்தேகம் என்றால் தமிழாசிரியர் ஐயா. அத்தை ஏற்கெனவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தறிச் சொற்களாக எழுதிக்கொண்டிருக்கிறார், நாடா, பாவு, ஊடை என்று இரண்டு பக்கம் நிறைந்திருக்கிறது. அந்தத் தொகுப்புக்கு மட்டும் காய் உடைத்துப் பார்த்துவிட்டேன், நாலுக்கு மேல் சொல் கிடைக்கிற பெரிய சொற்கள் அதில் நிறையவே இருக்கின்றன.